மணலை ருசி பார்த்த ஓவசியர்

மணல் லொறி வந்து நின்றால் அவர் முதலில் சாரதியிடம் ரசீதுத் துண்டைக் கேட்கமாட்டார். மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு அந்தப் பக்கம் திரும்பித் துப்பிவிட்டு, "தம்பி, இது உப்பு மணல். ஆத்து மணல் எண்டு ஆர் உமக்குச் சொன்னது? இறக்க வேண்டாம், அப்பிடியே கொண்டு போம்" என்பார்.

எங்கள் குடியேற்றத் திட்டத்தில் அவருக்கு 'மண் தின்னி' என்று பெயர். அது முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே எல்லாருக்கும் ஓவசியர் ஐயா. காடு வெட்டி, குளம் திருத்தி, யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் போன்ற காணியில்லாதவர்களைக் கொண்டுவந்து அரசாங்கம் குடியேற்றிய காலம் அது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. பரந்தன் சந்தியிலிருந்து ஒன்பது மைல் உள்ளே எங்கள் இடம். வீடு, வாய்க்கால், பாலம், பள்ளிக்கூடம் என்று எல்லாமே அரசாங்கச் செலவில் ஒரே நேரத்தில் எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து, சரியென்றால் கையெழுத்துப் போட்டுப் பாரமெடுப்பது அவருடைய வேலை. அந்தக் கையெழுத்து விழாமல் கட்டிக்கொடுத்த கொந்தராத்துக்காரருக்குக் காசு வராது. எங்களுக்குச் சாவி வராது. சாவியை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

ஆள் மெலிவு. காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால்வரை மேசு. சைக்கிளின் ஒரு பக்கத்தில் அடிக்கு அடி சிவப்பும் வெள்ளையும் பூசிய அளவுத் தடி கட்டியிருக்கும். மறுபக்கத்தில் ஒரு தகர வாளி. வாளி எதற்கென்று நாங்கள் வந்த புதிதில் எல்லாருக்கும் சந்தேகம். பால் வாங்கப் போகிறார் என்று நினைத்தவர்களும் உண்டு.

எங்களுக்கு ஒதுக்கிய வீட்டைப் பார்க்க வந்த அன்றுதான் விளங்கியது. கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிவந்து நடுவறை நிலத்தில் ஊற்றினார். குந்தி இருந்து அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்தார். தண்ணீர் வாசலுக்குப் போகாமல் பாய் போடும் மூலைக்குப் போய்த் தேங்கியது.

"இது பாஸில்லை" என்றார்.

நாங்கள் இரண்டு மாதமாகக் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். "ஐயா, பரவாயில்லை ஐயா. நாங்கள் சமாளிப்பம்" என்றேன்.

"நீர் சமாளிப்பீர். உங்கட காசிலயோ கட்டினது? அரசாங்கம் நல்ல நிலத்துக்கெண்டு குடுத்தது. நல்ல நிலம் வரட்டும்."

என் மனைவி பூமணி சும்மா இருக்கிற ஆள் இல்லை. "ஓவசியர் ஐயா, வாளியைக் கவிட்டதுதான் கவிட்டியள். அந்தத் துணியை எடுத்துத் துடைச்சுப்போட்டுப் போங்கோ" என்றாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் உண்மையாகவே துணியை எடுத்துத் துடைத்தார். துடைத்துவிட்டு, "தங்கச்சி, உங்கட வாசல் படலையும் ஒரு அங்குலம் சரிவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிலத்தைக் கிளறி மறுபடி போட மூன்று கிழமை சென்றது. அந்த மூன்று கிழமையும் அவரைத் திட்டினேன். அந்த வருடம் மாரி பெய்தபோது பக்கத்து வீடுகளில் தண்ணீர் பாய்க்குக் கீழே ஊறியது. எங்கள் வீடு காய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை வேர் விட்டுவிட்டது. அந்த நம்பிக்கையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அவருக்கு ஒரு கேள்வி உண்டு. எந்தக் கொந்தராத்துக்காரர் வந்து "வேலை முடிஞ்சுது ஐயா" என்றாலும், "முடிஞ்சதெண்டா என்ன முடிஞ்சது? ஒதுக்கின காசோ, வேலையோ?" என்று கேட்பார். அரசாங்கக் கந்தோரில் இருந்தவர்களுக்குக் காசு முடிந்தால் வேலை முடிந்த மாதிரி. எத்தனை பாலம், எத்தனை வீடு, எத்தனை மைல் வாய்க்கால் என்று எண்ணிக்கை சரியாக வந்தால் அவர்கள் பேனையை மூடிவிடுவார்கள். இவர் அதற்குப் பிறகுதான் பேனையைத் திறப்பார். மூன்றாம் வாய்க்காலில் ஒரு பாலம் கட்டினார்கள். அழகான பாலம். அவர் எழுதிய குறிப்பு கந்தோர் முழுக்கச் சிரிப்பாய்க் கிடந்தது: "பாலம் பலமாக உள்ளது. அதன் கீழே தண்ணீர் வருவதற்கு வழி இல்லை."

குடும்பம் குடாநாட்டில் இருந்தது. இங்கே அரசாங்கக் குவாட்டர்ஸில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். சமையல் என்று சொல்லக்கூடாது, அளந்து அவித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூமணி சோறும் குழம்பும் கொடுத்தனுப்புவாள், சில நாள் அவரே வந்து இருந்து சாப்பிடுவார். முதல் கவளத்தை வாயில் வைத்து அவர் கண்ணை மூடினால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"என்ன ஐயா, ஆத்து மணலோ கடல் மணலோ?"

"பாஸ், தங்கச்சி" என்பார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது எங்கள் குசினியில் மட்டும்தான்.

பிரசவ விடுதி வந்தது இதற்குப் பிறகு. பெண்களைப் பிள்ளைப்பேற்றுக்குப் பரந்தன் சந்திவரை வண்டியில் கொண்டுபோய், அங்கிருந்து வாகனம் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றவேண்டியிருந்தது. ஊர்ப் பெண்கள் எழுதிக் கொடுத்து, நடையாய் நடந்து, கடைசியில் நாலு கட்டில் போடக்கூடிய ஒரு விடுதிக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியது. மேலே கூரைக்குப் பதிலாகக் கொங்கிறீற் தட்டு. எங்கள் பகுதியில் தட்டுப்போட்ட முதல் கட்டடம் அதுதான். தட்டுப்போட்ட கிழமை ஓவசியர் காய்ச்சலாய் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் மூலையில் மிஞ்சிக் கிடந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தார்.

அன்று அவர் துப்பியதைப் பார்த்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். அவர் முகம் கறுத்துப் போயிற்றாம்.

"உப்பு கம்பியைத் தின்னும்" என்று என்னிடம் சொன்னார். "இண்டைக்கு ஒண்டும் தெரியாது. உள்ளுக்குள்ள கறள் பிடிச்சு ஒரு நாளைக்குத் தட்டு இறங்கும். கீழ ஆர் படுத்திருப்பினம்? பிள்ளை பெத்த பொம்பிளையள்."

தட்டை உடைத்து மறுபடி போடவேண்டும் என்று எழுதினார். கொந்தராத்துக்காரர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் விளக்கம் கேட்டது. கடிதங்கள் போய்வந்தன, மாதங்கள் போயின. இதற்கிடையில் விடுதிக்கென்று மூன்று மரப்பெட்டிகள் லொறியில் வந்து இறங்கின. அவர்தான் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாய்ச் சரி பிடித்துக் கையெழுத்துப் போட்டார். பெட்டிகளை மறுபடி ஆணி அடித்து, விடுதிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் மேசை இலாச்சிக்குள் வைத்துக்கொண்டார். அதற்கும் பிறகுதான் மருத்துவிச்சி ஒருவரை அனுப்பினார்கள். அவவுக்கு இருக்க ஒரு கொட்டிலும் கையில் ஒரு சின்னப் பையும்தான். விடுதியை அவ கண்ணாடி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவா.

பூமணிக்கு வலி வந்தது மார்கழி மாதத்தில், மழை விடாமல் அடித்த மூன்றாம் நாள் காலையில். மருத்துவிச்சி வந்தா. பிள்ளை சுகமாய்ப் பிறந்தது. பெண். நான் வெளியே நின்று அழுகைச் சத்தம் கேட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் மருத்துவிச்சி வெளியே வந்தா. அவ கை முழங்கைவரை சிவந்திருந்தது.

"ரத்தம் நிக்குதில்லைத் தம்பி. இந்த இருட்டு வீட்டில என்னால ஒண்டும் பாக்கேலாது. பிரசவ வாட்டைத் திறந்தா, வெளிச்சமான இடம், உயரக் கட்டில், நான் பாப்பன். ஓடிப்போய் ஓவசியரிட்டைச் சாவியைக் கேளுங்கோ. இல்லையெண்டா இப்பவே வண்டியைப் பூட்டுங்கோ."

ஓடினேன். அவர் குவாட்டர்ஸ் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு கணமும் தாமதிக்காமல் எழும்பி விடுதிக்கு என்னோடு ஓடிவந்தார். கதவைத் திறக்கவில்லை. சுவரோடு சாய்த்திருந்த ஏணியில் ஏறித் தட்டுக்கு மேலே பார்த்தார். இறங்கி யன்னலால் உள்ளே பார்த்தார். தட்டின் நடுவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மேல அரையடித் தண்ணி நிக்குது தம்பி. இவ்வளவு மாதமும் தட்டைத் தாங்கின முட்டுக் கழட்டி இன்னும் பத்து நாள் ஆகேல்லை. இதுக்குக் கீழ அவாவைக் கொண்டுவந்து கிடத்த என்னால ஏலாது."

"ஐயா, சாகப்போறாள் ஐயா."

"இஞ்ச வந்தா எல்லாரும் சாகலாம். நீர் வண்டியைப் பூட்டும். நான் முன்னுக்கு நடக்கிறன்."

கதவடியில் ஒரு அலவாங்கு கிடந்தது. ஒரு நெம்பில் பூட்டு கழன்று விழுந்திருக்கும். நான் அதைப் பார்த்தேன். அவரையும் பார்த்தேன். அவர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று வண்டியைப் பூட்ட ஓடினேன். எங்கள் வீட்டு நிலம் காய்ந்து கிடந்தது அல்லவா?

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தோம். வண்டிக்குள் பூமணியும் மருத்துவிச்சியும். நான் மாட்டை ஓட்டினேன். அவர் முன்னால் நடந்தார். தெருவெங்கும் தண்ணீர் பரந்து, எது தெரு எது வாய்க்கால் என்று தெரியவில்லை. அவர் அந்தச் சிவப்பு வெள்ளைத் தடியை ஒவ்வொரு அடிக்கும் தண்ணீருக்குள் ஊன்றிப் பார்த்து, "வாரும்" என்பார். நான் ஓட்டுவேன். அடிக்கடி திரும்பி வண்டிக்குள் பார்ப்பார். பூமணி வெளுத்துப் போயிருந்தாள், ஆனால் கதைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குத் தலைமயிர் கனக்கவோ என்று மருத்துவிச்சியிடம் கேட்டாள்.

மைல் கல்லை எங்கள் பக்கத்தில் கட்டை என்போம். சந்தியிலிருந்து எண்ணி எழுதியிருக்கும். நாலாம் கட்டையடியில் பூமணி கேட்டாள்.

"ஓவசியர் ஐயா, இன்னும் எத்தினை மைல்?"

அவர் நின்று கல்லைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே நின்று பார்த்தார். "நாலு, தங்கச்சி" என்றார்.

"நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது. மூன்றாம் கட்டைக்கு அங்கால் ஒரு தாம்போதி. தெருவைக் குறுக்கறுத்து வெள்ளம் ஓடுகிற பள்ளம் அது. தடி நாலடிக்கு இறங்கியது. வெள்ளம் வற்றும்வரை நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். ஒருவழியாய்க் கடந்து இரண்டாம் கட்டையைத் தாண்டியபோது மருத்துவிச்சி என் முதுகைத் தொட்டா. நான் மாட்டை நிறுத்தினேன். அவர் மட்டும் தடியை ஊன்றி ஊன்றி முன்னால் போய்க்கொண்டிருந்தார். நாலாம் கட்டைக்குப் பிறகு அவர் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன கல்நெஞ்சன் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. நான் கூப்பிட்ட பிறகுதான் நின்றார்.

செத்தவீட்டுக்கு வந்தார். படலைக்கு வெளியே நின்றார். நான் உள்ளே வரச் சொல்லவில்லை. பூமணி இருந்திருந்தால் என்னை ஏசியிருப்பாள்.

மாதம் முடியமுன் அவருக்கு மாற்றம் வந்தது. புதிதாக வந்த ஓவசியர் சிரித்த முகம். வந்த கிழமையே கையெழுத்துப் போட்டார். தை கடைசியில் விடுதி திறந்தது, மாவிலைத் தோரணம் கட்டி, நிறைகுடம் வைத்து. கந்தோர்க் கணக்கில் அந்த வேலை முடிந்துவிட்டது. நான் போகவில்லை. அன்று பின்னேரம் மருத்துவிச்சி எங்கள் வீட்டுக்கு வந்தா. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பெட்டியை இண்டைக்குத்தான் உடைச்சது தம்பி. ரத்தத்தை நிப்பாட்டிற ஊசிமருந்து அதுக்குள்ள கிடக்குது. ஒரு பெட்டி நிறைய. எனக்குத் தெரியாது தம்பி, சத்தியமாய் எனக்குத் தெரியாது. நான் வாட்டைத்தான் கேட்டனான், பெட்டியைக் கேக்கேல்லை."

அவ அழுதுகொண்டு போனா. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தேன். பூமணியை அந்தத் தட்டுக்குக் கீழே கொண்டுபோகவே தேவையில்லை. கதவைத் திறந்து, பத்தடி உள்ளே நடந்து, ஒரு பெட்டியைத் தூக்கி வெளியே வைத்திருந்தால் போதும். விடுதியைத் திறப்பதா வேண்டாமா என்றுதான் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். வேண்டியிருந்தது கட்டடம் இல்லை, கைக்குள் அடங்கும் ஒரு மருந்து. அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும்.

அவருக்கு எழுதவேண்டும் என்று தபாலட்டை வாங்கினேன். எழுத நிறைய இருந்தது. ஆனால் அவர் எங்கள் குசினியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது ஞாபகம் வந்தது. அந்த மனிதருக்கு இது தோன்றாமலே இருந்தால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அட்டையில் கடைக் கணக்கு எழுதினேன்.

வருடங்கள் போயின. மேசன்மாரும் லொறிக்காரரும் அவரைப் பற்றிக் கதை கொண்டுவருவார்கள். இப்போது பூவரசங்குளத்தில் நிற்கிறார், உடையார்கட்டில் நிற்கிறார் என்பார்கள். ஒருநாள் ஒரு சாரதி சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

"அந்தாளுக்கு வரவர விசர் அண்ணை. எந்தப் பெட்டி வந்தாலும் பூட்ட விடமாட்டார். எல்லாத்தையும் உடைச்சு விறாந்தையில பரப்பி வைச்சு, ஊர்ச் சனத்தைக் கூப்பிட்டு, இதில இண்டைக்கே ஆருக்கு என்ன வேணும் எண்டு கேக்கிறார்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவருக்குத் தோன்றிவிட்டது என்று தெரிந்துவிட்டது.

பன்னிரண்டாம் வருடம் விடுதித் தட்டு இறங்கியது. நல்ல காலம், மத்தியானம், கட்டில்கள் வெறுமையாய் இருந்தன. உடைந்த துண்டுகளில் கம்பி மண்ணாய் உதிர்ந்தது. அவர் சொன்ன மாதிரியே. அடுத்த மாதம் அவர் வந்தார். பென்சனில் போயிருந்தார். சந்தியில் பஸ்ஸால் இறங்கி ஒன்பது மைலும் நடந்தே வந்திருந்தார். நேரே விடுதிக்குப் போய், விழுந்து கிடந்த சீமெந்துத் துண்டு ஒன்றை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு எங்கள் படலையடியில் வந்து நின்றார். இந்தமுறை நான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

கதிரை நுனியில் இருந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போடவைத்த நிலம்.

"பன்னிரண்டு வருசம் நிண்டிட்டுது தம்பி" என்றார். "அண்டைக்கு ஒரு பகலும் நிண்டிருக்கும்."

"அதை விடுங்கோ ஐயா. நீங்கள் சொன்னமாதிரித்தானே விழுந்தது."

"அது கிடக்கட்டும். பெட்டி."

"தெரியும் ஐயா. வாட்டுத் திறந்த அண்டைக்கே மருத்துவிச்சி சொன்னவா."

என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமும் நான் அறிந்திருந்தும் கேட்கவில்லை என்பது அவருக்கு ஏறச் சற்று நேரம் சென்றது.

"உங்களுக்கு எப்ப தெரியும் ஐயா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"அவா எத்தினை மைல் எண்டு கேட்டவா எல்லோ? கல்லைப் பாத்தனான். அப்பதான் ஞாபகம் வந்தது. பெட்டி வந்த அண்டைக்குக் கொண்டுவந்தவனிட்டை ஒவ்வொண்டும் என்னத்துக்கு எண்டு கேட்டுக் கேட்டுத்தான் கையெழுத்து வைச்சனான். ஊசிமருந்தையும் கேட்டனான். சொன்னவன்." தடியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டார். "திரும்பினா ஐஞ்சு மைல். போனா நாலு. நாலு குறைவு எண்டு நடந்தனான். தாம்போதியைக் கணக்கில சேக்கேல்லை. உமக்கும் சொல்லேல்லை."

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவளுக்கு இவர் யாரென்று தெரியாது. "ஐயாவுக்குச் சீனி போதுமோ?" என்று கேட்டாள். குரல் அப்படியே தாயின் குரல். அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணைக் கனநேரம் திறக்கவில்லை. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

பின்னேரம் அவரைச் சந்திவரை கொண்டுபோய்விட நானும் நடந்தேன். ஐந்து மைல் நடந்தோம். நாலாம் கட்டை வந்தது. அவர் கல்லைப் பார்த்தபடி நின்றுவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் நடந்த மாதிரி, திரும்பிப் பார்க்காமல், நான் முன்னால் நடந்தேன்.